முதல் வண்டி வாங்கியவர்களுக்கு: எதை எப்போது மாற்றுவது, எங்கே ஏமாறாமல் இருப்பது

"வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது, இப்போது எதற்கு சர்வீஸ்?" புதிதாக வண்டி வாங்கியவர்கள் பெரும்பாலும் கேட்கிற கேள்வி இது. வண்டியில் தேய்கிற பொருட்கள் பலவும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுத் தேய்வதில்லை. ஆயில் கெட்டுவிட்டால் என்ஜின் அன்றைக்கே நின்றுவிடாது. பிரேக் ஆயிலில் ஈரம் ஏறினாலும் அடுத்த சிக்னலில் பிரேக் பிடிக்கத்தான் செய்யும். சத்தம் காதில் விழும்போது மலிவான பாகத்தோடு போயிருக்க வேண்டிய செலவு விலை கூடிய பாகத்துக்கு ஏறியிருக்கும். அதனால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். தேதியையும் கிலோமீட்டரையும் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை இது.

கீழே உள்ளவை கார்களை வைத்து எழுதியவை. பைக்குக்கு மாறுகிற இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறது. எண்கள் பொதுவானவை. உங்கள் வண்டியின் கையேடு வேறு எண்ணைச் சொன்னால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

1. முதலில் காகிதங்கள்

ஓனர்ஸ் மேனுவல், சர்வீஸ் புத்தகம், வாரன்டிக் காகிதம் மூன்றும் கையில் இருக்க வேண்டும். மேனுவல் தொலைந்திருந்தால் பெரும்பாலான தயாரிப்பாளர்களின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். மாடல் பெயரை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். என்ஜின் வகையும் தயாரிப்பு ஆண்டும் பொருந்த வேண்டும். ஒரே பெயரில் வருகிற பெட்ரோல் வண்டிக்கும் டீசல் வண்டிக்கும் ஆயில், பெல்ட், ஃபில்டர் எல்லாம் பெரும்பாலும் வேறு.

17 இலக்க சேசிஸ் எண்ணையும் ஓட்டுநர் பக்கக் கதவோரம் ஒட்டியிருக்கும் டயர் அழுத்த ஸ்டிக்கரையும் படம் எடுத்து போனில் வையுங்கள். பாகம் வாங்கும்போது சேசிஸ் எண்ணைச் சொன்னால் தவறான பாகம் வருவது வெகுவாகக் குறையும்.

சர்வீஸ் பில்லில் தேதி, ஓடிய கி.மீ., சேசிஸ் எண், ஊற்றிய ஆயிலின் கிரேடும் அளவும், மாற்றிய ஒவ்வொரு பாகத்தின் எண் ஆகியவை இருக்க வேண்டும். "ஜெனரல் சர்வீஸ்" என்று ஒரே வரியில் எழுதிய பில், நாளைக்கு வாரன்டி கேட்டு நிற்கும்போது எதற்கும் உதவாது. விற்கும்போதும் அதே கதைதான்.

பழைய வண்டி வாங்கியிருக்கிறீர்களா? பில் இல்லாத வேலையை நடக்காத வேலையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். "போன மாசம்தான் எல்லாம் மாத்தினேன்" என்பது பில் ஆகாது. ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிரேக் ஆயில், கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஆகியவற்றையும், டைமிங் பெல்ட் (வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயங்க வைக்கும் பெல்ட்) உள்ள என்ஜினாக இருந்தால் பெல்ட்டையும் வாங்கிய கையோடு மாற்றிவிடுங்கள். இந்தச் செலவை வாங்கிய பிறகு யோசிக்காமல் விலை பேசும்போதே கழித்துப் பேசுங்கள்.

2. உங்களுக்கு எந்த அட்டவணை?

பல மேனுவல்களில் இரண்டு அட்டவணை இருக்கும்: சாதாரணப் பயன்பாடு, கடினப் பயன்பாடு. கடினப் பயன்பாடு என்றதும் மலையும் பாலைவனமும் நினைவுக்கு வருவதால் பலர் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தப் பட்டியலில் சாதாரணமாக இருப்பவை இவை: அடிக்கடி சில கி.மீ. மட்டும் போய்வருவது, நெரிசலில் என்ஜின் ஓடியபடி நிற்பது, தூசி நிறைந்த சாலை, கடும் வெயில், அதிக பாரம். அதாவது நகரத்துக்குள் ஓடுகிற வண்டிகளில் பெரும்பாலானவை கடினப் பயன்பாட்டு வண்டிகள்தான்.

காரணம் எளிது. நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றால் என்ஜின் ஒரு மணி நேரம் உழைத்திருக்கும், மீட்டர் ஒன்றிரண்டு கி.மீ. கூட நகர்ந்திருக்காது. மீட்டரை மட்டும் நம்பினால் என்ஜினின் உண்மையான வயது தெரியாது.

அட்டவணையில் "10,000 கி.மீ. அல்லது 12 மாதம்" என்று இருந்தால் எது முன்னால் வருகிறதோ அதுதான் கணக்கு. "வருஷத்துக்கு 3,000 கி.மீ.தான் ஓடியிருக்கு" என்று சர்வீஸைத் தள்ளுவது புதியவர்கள் மிக அதிகமாகச் செய்கிற தவறு. ஆயிலும் பிரேக் ஆயிலும் ரப்பரும் நிற்கிற வண்டியிலும் கெடும்.

3. என்ஜின் ஆயில்: இதில் மட்டும் சமரசம் வேண்டாம்

குறுந்தூரம் ஓடி நிறுத்துகிற என்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதில்லை. எரிபொருள் எரியும்போது உண்டாகும் ஈரமும் எரியாத எரிபொருளும் ஆவியாகிப் போகாமல் ஆயிலிலேயே தங்கிவிடுகின்றன. ஆயில் நீர்த்துப்போகிறது, அமிலத்தன்மை ஏறுகிறது, நாளடைவில் கருப்புக் கசடாகப் படிகிறது. அந்தக் கசடு ஆயில் பம்ப்பின் வலையையும் நுண்ணிய ஆயில் வழிகளையும் அடைக்கும். டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் சுழலி) உள்ள வண்டியில் முதல் அடி டர்போவுக்குத்தான். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அதன் தண்டைத் தாங்குவது ஒரு மெல்லிய ஆயில் படலம் மட்டுமே.

எந்த ஆயில்? மேனுவலில் இரண்டு விவரம் இருக்கும்: 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற கிரேடு, அதோடு ஒரு தரக் குறியீடு. இரண்டும் பொருந்த வேண்டும். முதல் எண் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், இரண்டாவது எண் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் காட்டும். "வண்டிக்கு வயசாயிடுச்சு, கெட்டி ஆயில் ஊத்தலாம்" என்று யாராவது சொன்னால் முதலில் மேனுவலைத் திறந்து பாருங்கள். இன்றைய என்ஜின்களின் நெருக்கமான இடைவெளிகளுக்குள் தேவைக்கு மேல் கெட்டியான ஆயில் குளிர் ஸ்டார்ட்டில் தாமதமாகத்தான் போய்ச் சேரும். டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) பொருத்திய டீசல் வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில் கட்டாயம். தவறான ஆயிலின் சாம்பல் அந்த ஃபில்டருக்குள் தங்கிவிடும், எரிந்து போகாது. ஃபில்டரின் விலையைக் கேட்டால் ஆயிலில் மிச்சம் பிடித்த கணக்கு மறந்துபோகும்.

நீங்களே மாற்றுவதானாலும், பக்கத்தில் நின்று பார்ப்பதானாலும் கவனிக்க வேண்டியவை:

வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், என்ஜின் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். அடியில் போவதாக இருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்த பிறகுதான் போக வேண்டும். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் ஃபில்டரோடு வந்ததா என்று பாருங்கள். சில நேரம் அது என்ஜினிலேயே ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் புது ஃபில்டரை ஏற்றினால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்து, வண்டியைக் கிளப்பிய சில நிமிடங்களில் ஆயில் முழுவதும் தரையில் கொட்டிவிடும். புது வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, அது என்ஜினைத் தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று முறுக்கினால் பெரும்பாலான ஃபில்டர்களுக்குப் போதும். ஆயிலை வடிப்பதற்குக் கழற்றும் ட்ரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். பலம் முழுவதையும் காட்டி முறுக்கினால் அலுமினிய சம்ப்பின் (ஆயில் தேங்கும் அடிப்பெட்டி) மரை போய்விடும், பிறகு சம்ப்பையே மாற்ற வேண்டிவரலாம்.

பல கார்களுக்கு 3 முதல் 5 லிட்டர் வரை ஆயில் பிடிக்கும். மேனுவல் சொன்ன அளவுக்கு அரை லிட்டர் குறைவாக ஊற்றி, ஒரு நிமிடம் என்ஜினை ஓட விட்டு நிறுத்தி, 5 முதல் 10 நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் (ஆயில் அளவு காட்டும் கம்பி) பார்த்து மீதியை ஊற்றுங்கள். கூடுதலாக ஊற்றுவதும் கெடுதல்தான். கிராங்க் தண்டு ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரைத்த ஆயில் அழுத்தத்தைத் தாங்காது.

ஆயில் கருப்பாகிவிட்டது என்பதற்காகப் பயப்பட வேண்டாம். டீசலில் மாற்றிய சில நாளிலேயே கருக்கும். டிப்ஸ்டிக்கில் பால் கலந்ததுபோல் தெரிந்தால்தான் பயப்பட வேண்டும், உள்ளே கூலன்ட் கலந்திருக்கலாம். ஆயில் அளவு தானாகக் கூடி எரிபொருள் வாசனை வந்தாலும் உடனே காட்டுங்கள்.

சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் ஓரம் கட்டி என்ஜினை அணையுங்கள். அந்த விளக்கு போதிய ஆயில் அழுத்தம் இல்லை என்று சொல்கிறது. "மெக்கானிக் கடை இதோ பக்கத்துலதானே" என்று ஓட்டிக்கொண்டு போகிற தூரத்துக்குள் பேரிங் போய்விடும்.

பைக்குக்கு: பெரும்பாலான கியர் பைக்குகளில் கிளட்ச் அதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கும். கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள்.

4. கூலன்ட்

பச்சைத் தண்ணீர் என்று நினைத்து விடாதீர்கள். கொதிநிலையை உயர்த்துவதோடு, உள்ளே துருவும் அரிப்பும் வராமல் காப்பதும் அதன் வேலை. காக்கும் ரசாயனம் காலப்போக்கில் தீர்ந்துவிடும், நிறம் மட்டும் அப்படியே இருக்கும். வகையைப் பொறுத்து 2 முதல் 5 ஆண்டுக்குள் மாற்ற வேண்டிவரும், சில நீண்டகால வகைகள் அதற்கு மேலும் தாங்கும்.

செறிவூட்டிய கூலன்ட்டாக இருந்தால் பொதுவாகப் பாதிக்குப் பாதி, அதுவும் டிஸ்டில்டு வாட்டரில்தான் கலக்க வேண்டும். குழாய்த் தண்ணீரின் உப்பு ரேடியேட்டரில் காரையாகப் படியும். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், நிறத்துக்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது. பொருந்தாத இரண்டு வகை கலந்தால் கசடு கட்டலாம்.

சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருக்கிறது, திறந்ததும் கொதிக்கிற கூலன்ட் முகத்தில் அடிக்கும். அளவு அடிக்கடி குறைகிறது என்றால் ஊற்றிக்கொண்டே இருக்காதீர்கள். மூடிய அமைப்பில் குறைவது எங்கோ கசிவதால்தான். வெப்ப முள் சிவப்புக்குப் போன பிறகும் ஓட்டினால் ஹெட் (என்ஜினின் மேல்பகுதி) வளையும், அதன் அடியில் உள்ள கேஸ்கெட் போகும்.

5. பிரேக்

பேட் தேய்வதை எல்லோரும் கவனிப்பார்கள், பிரேக் ஆயிலை யாரும் கவனிப்பதில்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 4 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். 3.7 சதவீதம் ஈரம் ஏறியபின் அதன் தர எல்லை 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடி வந்தால் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். திரவம் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகும். ஆவி அமுங்கும், அழுத்தத்தைக் கடத்தாது. பெடல் பஞ்சுபோல் தரைவரை போகும். நகரத்தில் ஒழுங்காக இருந்த பிரேக் மலை இறக்கத்தில் கைவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள், கிலோமீட்டர் குறைவாக ஓடியிருந்தாலும். வண்டியிலுள்ள பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் டாட் 3, டாட் 4 என்று எது எழுதியிருக்கிறதோ அதையே வாங்குங்கள். டாட் 5 சிலிக்கான் வகை, மற்றவற்றோடு கலக்கக் கூடாது. ஏற்கெனவே திறந்து மாதக்கணக்கில் வைத்த பாட்டிலிலிருந்து ஊற்ற விடாதீர்கள். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பேட்: புதிதில் உராயும் பகுதி பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிடுங்கள். கிரீச் சத்தத்தைத் தாண்டி, இரும்பு இரும்போடு அரைக்கும் சத்தம் வரும்வரை விட்டால் டிஸ்க்கையும் சேர்த்து வாங்க வேண்டும். இன்னொரு விஷயம், பேட் தேயத்தேய பிரேக் ஆயில் டப்பாவில் அளவு மெல்ல இறங்குவது இயல்பு. அளவு குறைந்தால் முதலில் பேட்டைப் பாருங்கள். பேட் நன்றாக இருந்தும் குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது.

6. டைமிங் பெல்ட்

முதலில் உங்கள் என்ஜினில் இருப்பது பெல்ட்டா, செயினா என்று தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட் என்றால் வண்டியைப் பொறுத்து 60,000 கி.மீ. முதல் 1,60,000 கி.மீ. வரை ஏதோ ஓர் எல்லை இருக்கும், கூடவே ஆண்டுக் கணக்கும் இருக்கும். ரப்பர் என்பதால் ஓடாத வண்டியிலும் வயதாகும்.

இதில் முன்னெச்சரிக்கை எதுவும் கிடைக்காது. பல என்ஜின்களில் பெல்ட் அறுந்த நொடியில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். ஒரு பெல்ட்டோடு முடிந்திருக்க வேண்டியது ஹெட்டைக் கழற்றும் வேலையாகிவிடும். சில நேரம் என்ஜினையே மாற்ற வேண்டிவரும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அதை வழிநடத்தும் ஐட்லர் இரண்டையும் பெல்ட்டோடு சேர்த்தே மாற்றுங்கள். வாட்டர் பம்ப் அந்தப் பெல்ட்டில் ஓடுவதாக இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். கூலியில் பெரும்பங்கு கழற்றி மாட்டுவதற்குத்தான். ஆறு மாதம் கழித்து பம்ப் கசிந்தால் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டும்.

7. ஃபில்டர், பிளக், கியர் ஆயில்

ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து மறுபடி போடுவது வழக்கமாகிவிட்டது. கம்ப்ரஸர் காற்றை மிக அருகில் பிடித்து அடித்தால் காகிதம் கிழியும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கிழிசல் வழியாக மண் சிலிண்டருக்குள் போகும். ஃபில்டர் மலிவான பொருள், மாற்றிவிடுங்கள். டீசல் வண்டியில் எரிபொருள் ஃபில்டரைத் தள்ளிப்போடவே கூடாது. தண்ணீர் தாண்டிப் போனால் இன்ஜெக்டரும் உயரழுத்தப் பம்ப்பும் துருப்பிடிக்கும்.

ஸ்பார்க் பிளக்கை என்ஜின் ஆறிய பிறகு மட்டும் கழற்றுங்கள். சாதாரண நிக்கல் பிளக்கை விட இரிடியம் பல மடங்கு காலம் வரும், மாற்றும் கணக்கும் அதற்கேற்ப மாறும்.

மேனுவல் கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4 தரக் குறியீடு உள்ள ஆயில் கேட்டிருந்தால் ஜிஎல்-5 ஊற்றாதீர்கள். எண் பெரிது என்பதால் தரம் உயர்ந்தது என்று அர்த்தமில்லை. அதிலுள்ள கூடுதல் கந்தகச் சேர்மம் சில பெட்டிகளின் பித்தளை சின்க்ரோ வளையங்களை (கியர் உரசாமல் விழ உதவுபவை) அரிக்கக்கூடும். ஆட்டோமேட்டிக், சிவிடி (கியர் படிகளே இல்லாத ஆட்டோமேட்டிக்) பெட்டிகளுக்குத் தயாரிப்பாளர் பெயர் சொன்ன திரவம் மட்டுமே.

8. டயர்

அழுத்தத்தை வண்டி ஆறியிருக்கும்போது பாருங்கள், மாதம் ஒருமுறையாவது. கதவோர ஸ்டிக்கரில் உள்ள எண்தான் கணக்கு. டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதுவரை அடிக்கக் கூடாது. ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள். தேவைப்படுகிற நாளில்தான் அதில் காற்றில்லை என்று தெரியவரும்.

தேய்மானத்தைத் தடவிப் பார்த்தாலே காரணம் தெரியும். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் என்றால் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) சரியில்லை. மேடு பள்ளமாக இருந்தால் ஷாக் அப்சார்பரையும் பேலன்ஸையும் பார்க்கச் சொல்லுங்கள். டயர் வரிகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டரைத் தொட்டால் பல நாடுகளில் சட்டப்படி முடிந்தது. மழைச் சாலையில் அதற்கு முன்பே பிடிமானம் குறைந்துவிடும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர். "புது டயர்" வாங்கும்போது அதைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

9. பேட்டரி

இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. என்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.7 வரை காட்ட வேண்டும். அது வராவிட்டால் பிரச்சினை பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் பக்கம், புது பேட்டரி வாங்கினாலும் தீராது. கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ்.

10. எங்கே மிச்சம் பிடிக்கலாம்

பில்லைக் கூர்ந்து பார்த்தால் மேனுவலில் இல்லாத வரிகள் இருக்கும்: என்ஜின் ஃப்ளஷ், எரிபொருள் சேர்மானம், ஆயில் சேர்மானம், ஏசி நறுமணச் சுத்திகரிப்பு. இவற்றை வேண்டாம் என்று சொன்னால் வண்டிக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் பணத்தை பிரேக் ஆயிலுக்குச் செலவழியுங்கள். பில்லில் விட்டுப்போவது பெரும்பாலும் அதுதான். கேபின் ஃபில்டர், வைப்பர், ஏர் ஃபில்டர் மூன்றையும் பல வண்டிகளில் கருவியே இல்லாமல் நீங்களே மாற்றலாம்.

மேனுவலை வைத்து அடுத்த 5 ஆண்டுக்கு எந்த வருடம் எது வரும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். செலவு சீராக வராது. ஆயில் மட்டும் மாற்றுகிற வருடம் லேசாகப் போகும், பிரேக் ஆயில், கூலன்ட், பிளக், டயர் எல்லாம் ஒரே வருடத்தில் வந்து விழவும் கூடும். முன்கூட்டித் தெரிந்தால் ஒதுக்கி வைக்கலாம். நீண்ட பயணத்துக்கு முந்தின நாள் சர்வீஸ் செய்யாதீர்கள். ஒரு வாரம் முன்பே செய்தால் கசிவோ தளர்வோ இருந்தாலும் வீட்டருகே தெரிந்துவிடும்.

11. விடும்போதும் எடுக்கும்போதும்

விடும்போது செய்ய வேண்டிய வேலைகளை எழுதிக் கொடுத்து கையெழுத்து வாங்குங்கள். பட்டியலுக்கு வெளியே எதைச் செய்தாலும் முதலில் போனில் கேட்க வேண்டும் என்றும் எழுதுங்கள். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

எடுக்கும்போது ஊற்றிய ஆயிலின் கிரேடு பில்லில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டிப்ஸ்டிக்கை அங்கேயே எடுத்துப் பாருங்கள். பிரேக் பேட் மாற்றியிருந்தால் நகருமுன் பெடலைச் சில முறை மிதித்துக் கெட்டியாக்குங்கள், முதல் மிதியில் பிடிக்காமல் போகலாம். மறுநாள் காலை வண்டி நின்ற இடத்தில் தரையைப் பாருங்கள். சக்கரம் கழற்றிய வேலை என்றால் 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச் (சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் கருவி) வைத்து ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் இதற்குத் தனியாகக் காசு கேட்க மாட்டார்கள்.